கனகம் நோட்ஸ்

நீங்க ஃபோன்ல பாக்குற அந்தப் படம் போன வெள்ளிக்கிழமைதான அண்ணாச்சி தியேட்டருக்கு வந்துச்சு? இல்ல, நிறுத்த வேணாம், பாருங்க. சும்மா கேட்டேன். நடுவுல யாரோ எந்திரிச்சுப் போற நெழலு தெரிஞ்சுச்சு, அத வச்சுக் கேட்டேன். நான் யாருகிட்டயும் போயிச் சொல்ல மாட்டேன். சொல்லிப் பாத்த ஆளுதான் நான். அந்த வேலையாத்தான் மதுரைக்கு வந்துட்டுப் போறேன். ஹைகோர்ட்டுக்கு.

நீங்க எதுவரைக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூரா. நான் ராஜபாளையம். அட, ஃபோன உள்ள வச்சுட்டீங்களே. சங்கடப்படுத்திட்டேன் போல. மன்னிச்சுக்கங்க. காலையில இருந்து யாருகிட்டயாவது பேசணும்னு இருக்கு. வீட்டுல பேச முடியாது. எங்க வீட்டம்மா பேச்சி எங்கிட்டப் பேசி ரெண்டு மாசம் ஆச்சு. சோறு போடுவா, மாத்திரைய எடுத்து வப்பா. பேச மாட்டா.

என் பேரு கனகசுந்தரம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில கோச்சிங் சென்டர் வச்சிருக்கேன். குரூப் ஃபோர், குரூப் டூ, போலீஸ் பரீட்சை. நான் எடுக்குறது பொதுத்தமிழ். பதினெட்டு வருஷமா எடுக்குறேன். எங்கிட்டப் படிச்ச பிள்ளைக தாலுகா ஆபீஸ்ல இருக்கு, பத்திரப் பதிவுல இருக்கு. நானும் எழுதுன ஆளுதான். மூணு தடவ. கடைசித் தடவ ஒரே ஒரு கேள்வியில போச்சு. ஆகுபெயர்ல ஒண்ணு. பதில் தெரியும் அண்ணாச்சி. வட்டத்த மாத்திக் கறுத்துட்டேன். அதோட வயசும் போச்சு.

அப்புறந்தான் புத்தகம் எழுத உக்காந்தேன். ஆறு வருஷம். இருவது வருஷத்துக் கேள்வித்தாள் அத்தனையும் பிரிச்சு, எந்தப் பாடத்துல எத்தன கேள்வி, எதத் திரும்பத் திரும்பக் கேக்குறான், எல்லாத்தயும் வரிசைப்படுத்தி எழுதுனேன். பழைய பள்ளிக்கூடப் புத்தகமெல்லாம் தேடிப் பிடிச்சேன். நூலகத்துல வெளிய குடுக்காத புத்தகத்தயெல்லாம் அங்கயே ஜெராக்ஸ் போட்டேன். திருநெல்வேலியில ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு கைப்பட எழுதுன நோட்டு வச்சிருந்தாரு, அத ரெண்டு நாளைக்குன்னு கேட்டு வாங்கிட்டு வந்து முழுசாப் பிரதி எடுத்தேன். பாவம், அவரு இப்ப இல்ல. அதெல்லாம் திரட்டுறது அண்ணாச்சி. அது வேற. எல்லாரும் செய்யுறதுதான். திரட்டுனத ஒழுங்கு பண்றதுதான் உழைப்பு. பேச்சிதான் உக்காந்து பிழை பாத்தா.

'கனகம் பொதுத்தமிழ்'னு பேரு வச்சேன். பிள்ளைக 'கனகம் நோட்ஸ்'னு சொல்லும். மொத பதிப்பு ஆறே மாசத்துல தீந்துருச்சு. தேனியில இருந்தெல்லாம் ஃபோன் வந்துச்சு. சார், உங்க புத்தகம் கெடைக்கல, ஃபோன்லயே படிக்கிற மாதிரி குடுங்கன்னு கேட்டாங்க. சரின்னு கம்ப்யூட்டர் சென்டர்க்காரர வச்சு அதயும் செஞ்சேன். அவரு ஒரு யோசன சொன்னாரு. ஃபோன்ல வாங்குறவங்க பேரும் நம்பரும் ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் மங்கலா விழுற மாதிரி செஞ்சிரலாம், யாரு வெளிய விட்டாலும் தெரிஞ்சிரும்னாரு. நல்ல யோசனைன்னு ஒத்துக்கிட்டேன்.

ரெண்டாவது பதிப்பு அடிச்சேன், நெறைய அடிச்சேன். பரீட்சை அறிவிப்பு வந்த நேரம். புத்தகக் கடைக்காரங்க எல்லாம் சண்டை போட்டு வாங்குவாங்கன்னு இருந்தேன். ஒரு வாரம் ஆச்சு, பத்து நாள் ஆச்சு, ஒரு கடையில இருந்தும் ஃபோன் வரல. நானே போயிக் கேட்டேன். கேக்கவே மாட்டேங்குறாங்க சாருன்னாரு கடைக்காரரு. வீட்டு முன் ரூம் பூரா பண்டல். சோபாவத் தூக்கி வெளிய போட்டுட்டு பண்டல அடுக்குனோம்.

எங்கிட்டப் படிச்ச ஒருத்தன்தான் சொன்னான், சார் உங்க புக் குரூப்ல சுத்துதேன்னு. எந்தக் குரூப்புன்னு கேட்டுச் சேந்தேன். ஃபோன்லதான். உள்ள பதினோராயிரம் பேரு. பதினோராயிரம் பேருக்கு நடுவுல என் புத்தகம் அட்டையோட, என் ஃபோட்டோவோட கெடக்கு. கீழ ஒவ்வொருத்தரா எழுதியிருக்காங்க, நன்றி அட்மின், தெய்வம் மாதிரி வந்தீங்க அட்மின், இந்தப் புக்குக்குத்தான் அலைஞ்சேன் அட்மின். அவன்தான் தெய்வம். அட்டையில ஃபோட்டோ போட்டிருக்கவன் யாருன்னு ஒருத்தனும் கேக்கல.

நான் எழுதுனேன். 'இந்த நூலை எழுதிய கனகசுந்தரம் நான்தான். ஆறு வருட உழைப்பு. அருள்கூர்ந்து இதை நீக்கிவிடுங்கள்'னு ஒரு ஒற்றுப்பிழை இல்லாம எழுதிப் போட்டேன். சிரிக்கிற பொம்மையா வந்து விழுந்துச்சு. ஒருத்தன், சார் எம்பத்தி நாலாம் பக்கத்துல வினைத்தொகைன்னு குடுத்திருக்கது பண்புத்தொகை, அடுத்த பதிப்புல திருத்திருங்கன்னு எழுதுறான். எடுத்துப் பாத்தேன். தப்புதான். நான் எடுத்துப் பாத்துட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள என்னையக் குரூப்ப விட்டு நீக்கிட்டாங்க.

அப்புறம் அந்த ஆப்புக்காரங்களுக்குப் புகார் எழுதுனேன். மெயில் மெயிலா அனுப்புனேன். ஒண்ண எடுத்தாங்க. மறுநாள் மூணு எடத்துல வந்துச்சு. வகுப்புல பாடம் எடுத்துட்டு இருக்கும்போதே ஃபோன எடுத்துப் பாப்பேன், இப்ப எத்தன பேரு எறக்கியிருக்கான்னு. பிரஷரு ஏறிருச்சு. பேச்சி அப்ப பேசிட்டுத்தான் இருந்தா. அவ சொன்னா, விட்டுருங்க, இல்லன்னா பாதிப் புத்தகத்த நீங்களே சும்மா போடுங்க, பிடிச்சவுங்க மீதிய வாங்கட்டும், படிக்கிற பிள்ளைகதானன்னு. கிருஷ்ணன்கோயில்ல சேவியர்னு ஒருத்தரு கணக்கு எடுக்குறாரு. அவரு தன்னோட நோட்ஸ் மொத்தத்தயும் தானே குரூப்ல போட்டுட்டாரு. வகுப்புல எடமில்லாம வராண்டாவுல பெஞ்சு போட்டிருக்காரு. எனக்கும் புத்தி சொன்னாரு. சார், நீங்க அவங்களோட மல்லுக்கு நிக்காதீங்க, அவங்களத்தான் நாளைக்கு நீங்க வகுப்புக்குக் கூப்பிடணும்னாரு. அவருக்கென்ன, கணக்குக்கு யாரு வேணும்னாலும் நோட்ஸ் எழுதலாம். நான் எழுதுனது அப்படியா?

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. என்னதான் செய்யணுங்கிறீங்க? கெஞ்சிப் பாத்தாச்சு, எழுதிப் பாத்தாச்சு. ஒருத்தனும் கண்ணுக்குத் தெரியல. பேரு எல்லாம் 'வெற்றி நமதே', 'சாதிப்போம்'னு இருக்கும். யாரப் போயிப் பிடிப்பேன்?

அப்பத்தான் அத கவனிச்சேன். குரூப்புல சுத்துறது பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தப் படம் பிடிச்சது. ஓரத்துல பக்கத்த அழுத்திப் பிடிச்சிருக்கவனோட கட்டைவிரல் தெரியும். அத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா ஒரு பிரதி மட்டும் சுத்தமா இருந்துச்சு. பெருசாக்கிப் பாத்தேன். அடியில மங்கலா ஒரு பேரு, ஒரு நம்பரு. ச. காளீஸ்வரி. பக்கத்துக்குப் பக்கம் அதே. முந்நூத்திச் சொச்சம் பக்கத்துலயும் அவ பேரு.

கெடச்சுட்டான்னு கத்துனேன். பேச்சி அடுப்படியில இருந்து ஓடி வந்தா. ஃபோன் போட்டுக் கேளுங்கன்னா. நான் போடல. பேசுனா மனசு எளகிரும். எனக்கு எளகுன மனசு அண்ணாச்சி, என்னையத் தெரிஞ்சவங்களக் கேட்டுப் பாருங்க. அதனாலதான் பேசல. நேரா மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேசனுக்குப் போயிட்டேன்.

அங்க எஸ்.ஐ. ஒரு அம்மா. புகார வாசிச்சுட்டு நம்பரத் தட்டிப் பாத்தாங்க. சார், இது வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பிள்ள, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ள மாதிரி இருக்கு, கூப்பிட்டு எச்சரிக்கை பண்ணி எழுதி வாங்கி விட்டுருவோமான்னாங்க. நான் முடியாதுன்னேன். சட்டத்துல எடம் இருக்குல்ல, எஃப்.ஐ.ஆர். போடுங்கன்னேன். அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டு என்னையவே பாத்தாங்க.

"யோசிச்சுச் சொல்லுங்க சார். கேஸ்னு விழுந்துட்டா அந்தப் பிள்ளைக்கு வேலைன்னு வரும்போது நிக்கும்."

"அதுக்குத்தாம்மா கேக்குறேன். ஒருத்தருக்கு விழுந்தாத்தான் பதினோராயிரம் பேருக்குப் பயம் வரும்."

தெரியாமச் செஞ்சேன்னு சொன்னாப் பொய்யி. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மொத நாளு நானே சொல்லுவேன், கேஸு கீஸுன்னு எதுலயும் மாட்டிக்கிறாதீங்க, பாஸ் பண்ணாலும் போலீஸ் விசாரணையில தட்டிரும்னு. தெரியும். ஆனா அன்னிக்கு எனக்கு அது ஒரு பிள்ளையாத் தெரியல அண்ணாச்சி. பதினோராயிரம் பேரும் சேந்து ஒரு பேரா எம்முன்னால நின்ன மாதிரி இருந்துச்சு.

எஃப்.ஐ.ஆர். போட்டாங்க. பேப்பர்ல உள்பக்கத்துல நாலு வரி வந்துச்சு. அத படம் பிடிச்சு வேற ஒரு நம்பர்ல குரூப்புக்குள்ள போயிப் போட்டேன். ஒரே நாள்ல குரூப்பக் கலைச்சுட்டாங்க. ஜெயிச்சுட்டோம்னு பேச்சிகிட்ட சொன்னேன். நாலு நாள் கழிச்சு அதே ஆளுக வேற பேர்ல வந்தாங்க. என் புத்தகம் மொத வரிசையில இருந்துச்சு. கட்டைவிரல் தெரியுற பிரதி. எழுதுனவரு கேஸ் போடுறாராம், அதனால வேகமா எறக்கிக்கங்கன்னு கூடவே ஒரு குறிப்பு. வகுப்புக்கு வர்ற பிள்ளைகளும் கொறைஞ்சுருச்சு. போலீஸ் வாத்தியாருன்னு பேரு வச்சிருக்குறதா அப்புறம் கேள்விப்பட்டேன்.

பரீட்சை முடிஞ்சது. ரிசல்ட் வந்தது. நான் பண்டலோட கெடந்தேன்.

இந்த மார்ச்சு மாசம் ஒரு நா காலையில, வகுப்புக்குக் கெளம்பிட்டு இருக்கேன், வாசல்ல ஒரு ஆளும் ஒரு பொண்ணும். அவரு தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குற வேலை பாக்குறவரு, சங்கையான்னு பேரு. செருப்ப வாசல்லயே விட்டுட்டு உள்ள வராம நின்னாரு. அந்தப் பொண்ணு, சார் நான் காளீஸ்வரின்னுச்சு. எந்தக் காளீஸ்வரின்னு கேக்கல. அந்தப் பேர நான் எத்தன நாளு பாத்திருக்கேன்.

வேலை கெடச்சிருச்சு அண்ணாச்சி அவளுக்கு. பாஸ் பண்ணி, சர்ட்டிபிகேட் எல்லாம் சரி பாத்து, ஆபீஸு ஒதுக்கி, எல்லாம் முடிஞ்சுருச்சு. ஜூனியர் அசிஸ்டென்ட். போலீஸ் விசாரணையில கேஸ் இருக்குன்னு எழுதிட்டாங்க. வழக்கு முடிஞ்ச உத்தரவோட மே முப்பத்தொண்ணுக்குள்ள வந்தாச் சேத்துக்கிறோம், இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்னு கடிதாசி வந்திருக்கு. அதக் கையில வச்சிருந்தா.

உக்காரச் சொன்னேன். சோபா இல்லையே, பண்டல் மேலதான் உக்காந்தாங்க. அவ நடந்ததச் சொன்னா. பகல்ல பட்டாசு ஆபீஸ்ல லேபிள் ஒட்டுறவ. போகவர பஸ்ஸுல படிக்கணும்னு ஃபோன்ல வாங்கியிருக்கா. அதுக்கு முன்னாலயே அச்சுப் புத்தகமும் வாங்கியிருக்கா. பையில இருந்து எடுத்துக் காமிச்சா. காக்கி அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கோடு கிழிச்சு, ஓரமெல்லாம் பொடிப் பொடியா எழுதியிருந்தா. எம்பத்தி நாலாம் பக்கத்துல என் தப்பத் திருத்தி வச்சிருந்தா. நூலகத்துல கூடப் படிச்ச ஒரு பிள்ள, புணர்ச்சிப் பாடம் மட்டும் வேணும்னு கேட்டிருக்கு. பாடத்த மட்டும் பிரிச்சு அனுப்பத் தெரியாம முழுசா அனுப்பிட்டா. ஒரே ஒருத்தருக்கு. அந்தப் பிள்ளதான் குரூப்ல போட்டிருக்கு. போலீஸ்ல ஏம்மா அந்தப் பேரச் சொல்லலன்னு கேட்டேன். அவளும் பரீட்சை எழுதுறாளே சாருன்னா.

தமிழ்ல எத்தன வந்துச்சுன்னு கேட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தி ஆறு. உள்ள போயி பேச்சிகிட்ட சொன்னேன், தொண்ணூத்தி ஆறாம், நம்ம புத்தகத்துல படிச்ச பிள்ளன்னு. எனக்கு அப்ப எவ்வளவு சந்தோசம் தெரியுமா. பேச்சி என்னைய ஒரு பார்வ பாத்தா. ஏன் அப்படிப் பாத்தான்னு இன்னும் விளங்கல.

கேஸ வாபஸ் வாங்கிருவோம்னு உடனே சொல்லிட்டேன். ஒரு நிமிசம் யோசிக்கல. மறுநாளே அவங்களக் கூட்டிக்கிட்டு ஸ்டேசனுக்குப் போனேன். அந்த எஸ்.ஐ. அம்மா இருந்தாங்க. சார்ஜ் ஷீட்டு கோர்ட்டுக்குப் போயிருச்சு சார், இனி எங்க கையில இல்ல, ஹைகோர்ட்டுல ரெண்டு பேரும் சமாதானமாப் போறோம்னு மனு போட்டுத்தான் ரத்துப் பண்ணணும்னாங்க. அன்னிக்கே சொன்னேனேன்னு அவங்க சொல்லல. சொல்லியிருக்கலாம்.

மதுரையில ஜெபராஜ்னு வக்கீலப் பிடிச்சோம். நல்ல மனுசன். சமாதான மனு எழுதி எனக்கு அனுப்புனாரு. படிச்சுப் பாத்தேன். இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டோம், மேற்கொண்டு வழக்கை நடத்த விருப்பமில்லைன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். என்னமோ ரெண்டு பேரும் வரப்புத் தகராறு பண்ணிச் சமாதானம் ஆன மாதிரி.

எனக்கு அது ஒப்பல. நான் ஒரு வரி கேட்டேன். ஒரே வரி. 'தான் செய்தது குற்றம் என்பதை உணர்ந்து வருந்துகிறார்'னு ஒரு வரி. அது இல்லன்னா என்ன அர்த்தம்? நான் பொய்ப் புகார் குடுத்த மாதிரி ஆகிராதா? ஆறு வருஷம் எழுதியிருக்கேன் அண்ணாச்சி. சிரிக்கிற பொம்மை போட்டானுக, குரூப்ப விட்டுத் தூக்குனானுக, ஒருத்தன், ஒரே ஒருத்தன் தப்புன்னு சொன்னானா? எங்கயாவது ஒரு பேப்பர்ல, தப்புதான்னு ஒரு கையெழுத்து வேணும்னு இருந்துச்சு எனக்கு. அது பெரிய தப்பா?

வக்கீல் வேணாம்னாரு. குற்றம்னு அவ கையெழுத்துப் போட்டா நாளைக்கு அதையே காட்டி ஆபீஸ்ல ஏதாவது சொல்லுவாங்க சாருன்னாரு. நான் விடல. அப்புறம் அவளே ஃபோன் பண்ணா.

"சார், வருத்தம்னு நேர்ல எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன். உங்க வகுப்புல எல்லாரு முன்னாலயும் நின்னு சொல்றேன். பேப்பர்ல குற்றம்னு மட்டும் வேணாம் சார்."

"எழுத்துல இருந்தாத்தாம்மா மதிப்பு."

அந்தப் பக்கம் மிசின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சரி சார்னு வச்சுட்டா.

அவளும் அந்த வரிக்கு ஒத்துக்கல, நானும் விடல. ஒம்பது நாள் அப்படிப் போச்சு. நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல. அவங்களும் ஒரு எட்டு எறங்கி வரலாம்ல? சங்கையா ரெண்டு தடவ வந்து வாசல்ல நின்னுட்டுப் போனாரு. பேச்சி கேட்டா, அந்தப் பிள்ள போடுற கையெழுத்த வச்சு என்ன செய்யப் போறீங்க, சுவத்துல மாட்டப் போறீங்களான்னு. அதுதான் அவ எங்கிட்டக் கடைசியாப் பேசுனது. பத்தாவது நாளு நான் சாப்பிட்டுட்டு இருக்கேன், அந்த மனுவயும் பேனாவயும் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டு நின்னா. வக்கீல் மொதல்ல அனுப்புனாருல்ல, அந்த வரி இல்லாதது. நகரவே இல்ல. கையக் கழுவிட்டு வந்து போட்டேன். பாத்தீங்களா, கடைசியில நான்தான விட்டுக்குடுத்தேன்.

மனு போட்டு, நம்பராகி, விசாரணைக்கு வரும்போது ஏப்ரல் கடைசி. கோர்ட்டு மே மாசம் லீவு. லீவுக்கு முந்தின கடைசி நாள்ல எங்க கேஸு. நாங்க மூணு பேரும் காலையிலயே போயி வராண்டாவுல நின்னோம். எங்களுது நூத்தி நாப்பத்தி மூணாவது. சுவத்துல போர்டுல நம்பர் மாறிட்டே இருக்கும். மதியம் வரைக்கும் அம்பது தாண்டல. அதுக்கப்புறம் வேகமாப் போச்சு. எம்பது, தொண்ணூறு. நூறு தாண்டவும் காளீஸ்வரி எந்திரிச்சு நின்னுட்டா. அப்பா உக்காரச் சொல்லியும் உக்காரல. நூத்திப் பதினேழுல நின்னுச்சு. ரொம்ப நேரம் நூத்திப் பதினேழுலயே நின்னுச்சு. ஏதோ பெரிய வாதம்னாங்க. அதோட அன்னிக்குக் கோர்ட்டு முடிஞ்சுருச்சு. இனி ஜூன்தான்னாரு வக்கீல். லீவுல உக்காருற கோர்ட்டுல எடுக்க வைக்கவும் அலைஞ்சு பாத்தாரு. முடியல.

அவ மெட்ராசுக்கு, அந்தக் கடிதாசி அனுப்புன ஆபீஸுக்கே போனா, அப்பாவக் கூட்டிக்கிட்டு. இன்னும் பதினஞ்சு நாள் குடுங்கன்னு எழுதிக் குடுத்துப் பாத்தா. விதியில எடமில்லைன்னு சொல்லிட்டாங்க. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது. மே முப்பத்தொண்ணு போச்சு. அடுத்த ஆளுக்குப் போயிருச்சு வேலை.

ஒம்பது நாளு முந்தி போட்டிருந்தா லீவுக்கு முன்னால முடிஞ்சிருக்குமான்னு வக்கீல்கிட்டக் கேட்டேன். அத இப்பக் கேட்டு என்ன சார்னு ஃபைல மூடிட்டாரு. முடிஞ்சிருக்கும்னு அவரு சொல்லல, பாத்துக்கங்க. சொல்லல. கோர்ட்டு லீவு விட்டதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நூத்திப் பதினேழுல நின்னதுக்கு நான் என்ன செய்ய முடியும்? தெனமும் காலையில எந்திரிச்சதும் இதத்தான் நெனைக்கிறேன். குளிக்கும்போது நெனைக்கிறேன். வகுப்புல பாடம் எடுக்கும்போது பாதியில நின்னுருது. பிள்ளைக முழிக்குதுக. ஒரு வரி. நான் கேட்டது ஒரு வரிதான அண்ணாச்சி. ஒம்பது நாளா அது?

இன்னிக்குக் கேஸ் வந்துச்சு. ஒம்பதாவது நம்பர். பதினொரு மணிக்கெல்லாம் கூப்பிட்டாங்க. வக்கீல் ஏதோ சொன்னாரு. ஜட்ஜ் என்னைய நிமுந்து பாத்து, ரத்துப் பண்றதுல ஆட்சேபணை உண்டான்னு கேட்டாரு. இல்லைங்கய்யான்னேன். அவ்வளவுதான். ரெண்டு நிமிசங்கூட ஆகல. எதுக்குன்னு அலைஞ்சோமோ அந்த வேலை போனதுக்கப்புறம் அந்த ரெண்டு நிமிசம்.

வெளிய வந்தோம். கேன்டீன்ல சங்கையா டீ வாங்கிக் குடுத்தாரு. நான் எடுக்குறேன்னேன், விடல. என் ரெண்டு கையயும் பிடிச்சுக்கிட்டு, நீங்க வந்ததாலதான் சார் முடிஞ்சது, பிள்ள மேல கேஸ் இல்லாம ஆக்கிக் குடுத்துட்டீங்கன்னாரு. நெசமாத்தான் சொன்னாரு. அவரு கை பூரா மருந்து பட்டு வெடிச்சு வெடிச்சு இருக்கு. கிளாசக் கீழ வச்சுட்டேன். ஏதாவது சொல்லணும்னு வாயத் தெறந்தேன். என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். நீங்களும் இந்நேரம் நெனச்சிருப்பீங்க. அந்தச் சொல்லு வரல அண்ணாச்சி. பதினெட்டு வருஷமாத் தமிழ் எடுக்குறேன். வரல.

காளீஸ்வரிதான் பேசுனா.

"சார், அடுத்த அறிவிப்பு வரப்போகுதுங்குறாங்க. பாடத்திட்டம் வேற மாத்திட்டாங்க. உங்க புதுப் பதிப்பு வந்துருச்சா?"

கேலி இல்ல. மூஞ்சியப் பாத்தேன், துளி கேலி இல்ல. கோவமும் இல்ல. வகுப்புல சந்தேகம் கேக்குற பிள்ள மாதிரி கேட்டா. திரும்ப எழுதப் போறா. திரும்ப என் புத்தகத்துல படிக்கப் போறா. போன வாரந்தான் வந்துச்சு மூணாவது பதிப்பு. அதுல எம்பத்தி நாலாம் பக்கம் திருத்தியிருக்கேன்.

நான் சொன்னேன், வந்துருச்சும்மா, கடையில கெடைக்கும்னு.

என் வாயிலதான் வந்துச்சு. நான் சொல்றத நானே கேட்டுட்டு நின்னேன். அவ சரி சார்னு தலைய ஆட்டிட்டு, பையில இருந்து பேனாவ எடுத்தா. கோர்ட்டுக் காகிதத்துப் பின்னாலயே எழுதிக்கிறேன்னு, எந்தக் கடை சார்னு கேட்டா.

கடைப் பேரச் சொன்னேன் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுல இருந்து எப்படிப் போகணும்னு வழியும் சொன்னேன். எழுதிக்கிட்டா.